இடது கை வழக்கு

நரிப்பாறைத் தோட்டத்தின் ஒன்பதாம் நம்பர் மலை பசறைப் பக்கம் பார்த்துச் சரிந்து இறங்கும். 1909ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், மூன்று நாள் விடாமல் பெய்த மழை சற்று ஓய்ந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கூடை நிறையக் கொழுந்தோடு அந்தச் சரிவில் இறங்கிய இராக்கம்மா கால் வழுக்கி, மழைநீர் ஓடும் கானுக்குள் விழுந்தாள். தலையில் மாட்டியிருந்த கயிற்றோடு கூடையும் அவள்மேல் வந்து விழுந்தது. இடது கையை ஊன்றித்தான் விழுந்தாள். மற்றப் பெண்கள் தூக்கி நிறுத்தியபோது, மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே கை கோணலாக வளைந்திருந்தது.

அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. முசிறிப் பக்கத்திலிருந்து ஒன்பது வயதில் தாயோடு கப்பலேறி வந்தவள். தாய் வந்த மூன்றாம் வருடமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் தம்பையாவைக் கட்டிக்கொண்டு, ஐந்து வயதுப் பெண் குழந்தையோடு கீழ் லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பராவில் இருந்தாள். இரண்டு கையாலும் ஒரே வேகத்தில் கொழுந்து பறிப்பாள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும்வரை நின்ற இடத்தை விட்டு நகரமாட்டாள் என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும்.

தேயிலைத் தொழிற்சாலையான இஸ்டோருக்குப் பக்கத்தில் தகரம் போட்ட சின்னக் கட்டடம்தான் தோட்டத்து டிஸ்பென்சரி. டிஸ்பென்சர் சாமுவேல்பிள்ளைக்கு இந்தத் தோட்டத்தோடு இன்னும் இரண்டு தோட்டங்கள் பொறுப்பு. காலையில் இங்கே ஒரு மணி நேரம் இருப்பார், பிறகு மட்டக்குதிரையில் ஏறிப் போய்விடுவார். அன்றைக்கு அவர் கிளம்பும் நேரத்தில்தான் இராக்கம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கையை இழுத்துப் பார்த்தார். இரண்டு மூங்கில் பத்தைகளை வைத்துத் துணியால் சுற்றி, முழங்கைவரை இறுக்கிக் கட்டினார்.

"எலும்பு சேரணும்னா கட்டு இறுக்கமாத்தான் இருக்கணும். அவிழ்க்கப்படாது. அவிழ்த்தா உன் பேரை வெட்டச் சொல்லிருவேன்" என்றார்.

புதன்கிழமை அவள் மறுபடியும் போனாள். விரல்கள் மரத்துப்போய்விட்டன என்று சொன்னாள். "முறிஞ்ச கை வலிக்காம பின்ன சிரிக்குமா?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கு வேலை செய்ய முடியாது என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமை விரல்கள் நீலம் பாரித்து, பழுத்த வாழைப்பழம்போல வீங்கியிருந்தன. அவள் கையை மேசைமேல் வைத்தாள்.

"ஐயா, கொஞ்சம் தளத்தி விடுங்க. கைக்குள்ள நெருப்பு மாதிரி எரியுது. வெரலை கிள்ளினா தெரியமாட்டேங்குது."

"நீ எனக்கு வைத்தியம் படிச்சுக் குடுக்கிறியா?"

"அப்ப பதுளை ஆசுபத்திரிக்கு எழுதிக் குடுங்க. அங்க பெரிய டாக்டர்கிட்ட காட்டிக்கிறேன்."

"கை முறிஞ்சவளையெல்லாம் பதுளைக்கு அனுப்பினா துரை என்னைத்தான் அனுப்புவார்" என்று சொல்லி, இன்னொரு சீட்டை அவள் பக்கம் தள்ளினார்.

வெள்ளிக்கிழமை அவர் வரவேயில்லை. அடுத்த தோட்டத்தில் வயிற்றுப்போக்கு பரவியிருக்கிறது என்றார்கள். தம்பையா துரையின் பங்களாவுக்கு ஓடினான். வாசலிலேயே பெரிய கங்காணி மறித்தார். டிஸ்பென்சர் சொல்லாமல் துரையிடம் நோயாளிக் கதை கொண்டுபோகக் கூடாது என்று திருப்பி அனுப்பினார். அன்று முழுவதும் இராக்கம்மா சுவரில் சாய்ந்தபடி கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை விடிந்தபோது சுண்டுவிரல் கறுத்திருந்தது. துணிக்குள்ளிருந்து வாடை வந்தது. தம்பையா கவ்வாத்துக் கத்தியை எடுத்துக் கட்டை அறுத்தான். உள்ளே தோல் கொப்புளமாகி, துணியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"அழுவுறதுக்கு நேரமில்ல. வண்டி பாருங்க. பதுளைக்குப் போவோம்" என்றாள் அவள்.

"சொல்லாம போனா ஓடிப்போனதா எழுதி வாரண்டு போடுவாங்க புள்ள."

"போடட்டும். ஜெயில்லயும் டாக்டர் இருப்பாரு."

குழந்தையைப் பக்கத்துக் காம்பராவில் விட்டுவிட்டு, பசறைக் கடைத்தெருவிலிருந்து அரிசி ஏற்றி வந்த மாட்டு வண்டியில் பதுளைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆசுபத்திரி டாக்டருக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் வரும். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு ஊசியால் விரல்களைக் குத்தினார். அவளுக்குத் தெரியவில்லை. முழங்கைக்குக் கீழே வெட்டி எடுக்க வேண்டும், இல்லையென்றால் உயிருக்கு ஆபத்து என்றார். தம்பையா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். இராக்கம்மா டாக்டரையே பார்த்தாள்.

"எடுங்க. ஆனா முதல்ல ஒண்ணு சொல்லுங்க. முறிஞ்ச கை எல்லாம் இப்படிக் கறுக்குமா?"

டாக்டர் அவள் கையை மெல்லக் கீழே வைத்தார். பிறகு, "இல்லை. கட்டு ரொம்ப இறுக்கம். ரத்தம் போகவில்லை. நேரத்துக்குத் தளர்த்தியிருந்தால் கை இருந்திருக்கும்" என்றார்.

"அதை எழுதுவீங்களா?"

"என்ன?"

"இப்ப சொன்னதை. உங்க கடுதாசியில."

கூலிப்பெண் ஒருத்தி இப்படிக் கேட்டதை அவர் முன்பு கண்டதில்லை போலும். எழுதுவது தன் வேலைதான், யாரும் சொல்ல வேண்டியதில்லை என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னார். ஆனால் அன்று மாலை கட்டிலில் தொங்கிய சீட்டில், கையை வெட்டிய விவரத்தோடு, இறுகிய கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கை அழுகியது என்ற வரியும் இருந்தது.

அந்த வரியை அவளுக்குச் சொன்னவள் அடுத்த கட்டிலில் இருந்த ஸித்தி ஸுபைதா. பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த லத்தீப்பின் மனைவி. வயிற்றுக் கட்டிக்கு அறுவை செய்து படுத்திருந்தாள். சீட்டு இங்கிலீசில் இருந்ததால், பார்க்க வந்த தன் தம்பி புவாத்தைக் கேட்டுத்தான் அவளும் அறிந்தாள். புவாத், வழக்குகளை நடத்தும் பிரக்கிராசி ஒருவரின் கந்தோரில் எழுத்துவேலை பார்க்கும் கிளாக்கர். வழக்காடுபவர்களுக்கு மனு எழுதியும் நீதிமன்றக் கட்டுகளைச் சுமந்தும் பத்து வருடம் பழகியவன்.

"தம்பி, இந்தப் புள்ளைட கதையக் கொஞ்சம் கேளு" என்றாள் ஸுபைதா.

அவன் நின்றபடியே கேட்டான். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து மறுபடியும் சொல்லச் சொன்னான். எந்தக் கிழமை, யார் கூட இருந்தார்கள், டிஸ்பென்சர் என்ன வார்த்தை சொன்னார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான்.

"வழக்குப் போடலாமா?" என்று இராக்கம்மா கேட்டாள்.

"இதைக் கவனமாக் கேளுங்க. வைத்தியம் பாத்தும் நோய் சுகமாகல்லன்னு வழக்குப் போட ஏலாது. டாக்டரும் மனுசன்தான், எல்லாரையும் காப்பாத்த அவரால முடியாது. ஆனா அந்த வேலை தெரிஞ்ச எவனும் செய்யுற கவனத்தைச் செய்யாம விட்டா, அதால உங்களுக்குக் கெடுதி வந்தா, அப்ப கேக்கலாம். விரல் நீலமாப் போனாக் கட்டைத் தளத்தணும், அது எல்லா டிஸ்பென்சருக்கும் தெரியும். நீங்க போய்ச் சொல்லியும் அவர் செய்யல்ல. அதுதான் உங்க வழக்கு."

"தோட்டத்து மேல?"

"தோட்டத்தில ஆளுக்குக் கடும் சுகயீனம்னா டாக்டருக்கு அறிவிக்கிறது துரைட கடமை. சட்டத்தில இருக்கு. துரைக்குத் தெரியாதுன்னு சொல்லவும் ஏலாது, தெரிஞ்சுகொள்றதும் அவர்ட கடமைதான்." அவன் இரண்டு விரலை நீட்டினான். "ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். பிந்தினா கோடு வழக்கைக் கேக்காது. அதுக்கு முன்ன யார் என்ன கடதாசி கொண்டு வந்தாலும் பெருவிரல் வைக்காதீங்க. முக்கியமான சங்கதி, நீங்க சொன்னது உண்மைன்னு காட்ட எழுத்து வேணும். டிஸ்பென்சரிப் புத்தகத்தில என்ன எழுதியிருக்கோ எனக்குத் தெரியாது."

புத்தகத்தில் என்ன எழுதியிருந்தது என்பது அவள் தோட்டத்துக்குத் திரும்பிய பிறகு தெரிந்தது. பெரிய கங்காணி ஒரு கடுதாசியையும் மசிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு காம்பரா வாசலுக்கு வந்தார். சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போன குற்றத்தைத் துரை மன்னித்துவிட்டார் என்றார். பிறகு கடுதாசியை விரித்தார்.

"செவ்வாய்க்கிழமை கட்டுப் போட்டாரு. அதுக்குப் பெறகு நீ டிஸ்பென்சரிப் பக்கம் போகல. எவனோ நாட்டு வைத்தியன்கிட்ட அவிழ்த்துக் கட்டியிருக்க. புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. யாரு மேலயும் குறையில்லைன்னு இதுல பெருவெரல் வையி. துரை ஒனக்கு இஸ்டோர்ல குந்தியிருந்து செய்யிற வேலை தருவாரு."

"நான் புதனும் போனேன், வெசாழனும் போனேன். ரெண்டு நாளும் சீட்டு எழுதிக் குடுத்தாரு."

"சீட்டைக் காட்டு."

சீட்டுகள் அவளிடம் இல்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்தது கொடுத்ததுதான்.

"பாத்தியா? வையி வெரலை."

"இருக்கிறது ஒரு கை" என்றாள் இராக்கம்மா. "அதையும் உங்க மசியில முக்கணுமா, கங்காணியாரே?"

கங்காணி தம்பையாவைப் பார்த்தார். தம்பையா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். கடுதாசி வெறுமையாகவே திரும்பிப் போனது.

அதன்பின் வந்த நாட்கள் கடினமானவை. தெரிந்தவர்களே விலகி நடந்தார்கள். கட்டுப்போட்ட அன்று அவளைக் கூட்டிச் சென்ற பெண்களிடம் சாட்சி கேட்டபோது, செவ்வாய்க்கிழமையைச் சொல்லுவோம், மற்ற நாள் நாங்கள் மலையில் அல்லவா இருந்தோம் என்றார்கள். அது பொய்யும் அல்ல. தம்பையாவோ கட்டை அறுத்தது தான்தான் என்ற நினைப்பிலேயே உருகினான்.

"நான் அறுத்ததாலதான் கை போச்சுன்னு கோட்டுல சொல்லுவாங்க புள்ள. நான் கத்தி வைக்காம இருந்திருந்தா..."

"நீங்க அறுக்கும்போது கை செத்துப் போயிருந்திச்சு. டாக்டர் சொன்னாரில்ல? அதையே சொல்லுங்க. கேட்டா, ஆமா நான்தான் அறுத்தேன்னு நிமிந்து நின்னு சொல்லுங்க. மறைச்சாத்தான் தப்பு."

வழி காட்டியது ஒரு மார்கழி மாதக் காலைப் பெரட்டு. வேலை பிரிப்பதற்காக எல்லோரும் வரிசையில் நின்றார்கள். ஒற்றைக் கையோடு என்ன வேலை கொடுப்பார்களோ என்று இராக்கம்மாவும் போய் நின்றாள். கணக்கப்பிள்ளை இராசையா, அன்றன்றைக்கு யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று பதியும் செக்ரோல் புத்தகத்தோடு வந்தார். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் தனக்கு 'சீக்' போடும்படி கெஞ்சினாள். நோயாளி என்று பதிவதற்குத் தோட்டத்தில் அதுதான் பேச்சு.

"டிஸ்பென்சர் சீட்டு எங்க?" என்றார் கணக்கப்பிள்ளை.

"நாளைக்கு வாங்கியாறேன் சாமி."

"சீட்டில்லாம சீக் போட்டா துரை என் பேரையே வெட்டிருவாரு. பதினோரு வருசமா ஒருத்தருக்கும் போட்டதில்ல, ஒனக்கு மட்டும் போடுவனா? போ மலைக்கு."

இராக்கம்மா அந்தப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் புதன்கிழமையும் வியாழக்கிழமையும் இதே கணக்கப்பிள்ளை தன் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, இதே புத்தகத்தில் எழுதியது அவள் நினைவுக்கு வந்தது. சீட்டுகள் போயிருக்கலாம். எழுத்து அங்கேதான் இருக்கிறது.

அந்த வாரம் வெட்டிய புண்ணுக்கு மருந்து கட்ட ஆசுபத்திரிக்குப் போகும் நாள் வந்தது. அதைத் தோட்டத்தால் மறுக்க முடியாது, ஆசுபத்திரித் துண்டிலேயே தேதி போட்டிருந்தது. அவள் பதுளைவரை நடந்தே போனாள். புண்ணைக் கட்டிக்கொண்டு நேரே பிரக்கிராசியின் கந்தோருக்கு நடந்து, புவாத்திடம் நடந்ததைச் சொன்னாள். அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

"இதை யார் உங்களுக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நின்னுக்கிட்டு இருந்தேன், காதுல விழுந்திச்சு."

அவன் அவளை உள்ளே பிரக்கிராசியிடம் கூட்டிப்போனான். வயதான மனிதர். தோட்டத்துக்கு எதிரான வழக்கு என்றதும் முகத்தைச் சுளித்தார். கொழும்பிலிருந்து பெரிய வக்கீல் வருவார், இழுத்தடிப்பார்கள், உன்னால் தாங்க முடியாது என்றார். செக்ரோல் விஷயத்தைப் புவாத் எடுத்துச் சொன்ன பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் புத்தகம் வழக்குக்கு முன்பே தொலைந்து போகாமல் இருக்க வேண்டுமென்றால் வழக்குப் போட்ட கையோடு அதைக் கோரி நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும், அதுவரை இந்தப் பேச்சு இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்று எச்சரித்தார்.

முத்திரைச் செலவுக்கு வழியில்லாதவர்கள் ஏழை என்று நிரூபித்தால் கட்டணமில்லாமல் வழக்காட அனுமதி உண்டு. அந்த அனுமதிக்கே எட்டு மாதம் ஆனது. அவள் உண்மையில் ஏழையா, வழக்கில் சாரம் இருக்கிறதா என்று விசாரணை. தோட்டத்தின் தரப்பு ஒவ்வொரு தவணையிலும் ஒரு ஆட்சேபம் சொன்னது. ஒவ்வொரு தவணைக்கும் இராக்கம்மா பதுளைக்கு நடந்தாள். இரண்டு முறை வழக்கு எடுக்கப்படாமலே தள்ளிப் போனது. அப்படியான நாட்களில் ஸுபைதாவின் வீட்டுப் பின்கட்டில் சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்புவாள்.

"அலுத்துப் போகலியா?" என்று ஸுபைதா ஒருநாள் கேட்டாள்.

"அலுப்புத்தாங்க. ஆனா நான் வராம விட்டா, வரலன்னு எழுதிப்புடுவாங்கள்ல?"

1911ஆம் ஆண்டு மாசி மாதம் வழக்கு விசாரணைக்கு வந்தது. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நின்று, நீதிபதிக்கு இங்கிலீசிலும் சாட்சிக்குத் தமிழிலும் சொன்னார். கொழும்பிலிருந்து வந்த வக்கீல் நெடிய மனிதர். குரலை உயர்த்தாமலே கேட்டார்.

"கட்டுப் போட்ட பிறகு நீ நாட்டு வைத்தியனிடம் போனாய், இல்லையா?"

"போகலீங்க."

"அவ்வளவு வேதனை இருந்ததாகச் சொல்கிறாய். அப்படியானால் ஏன் கட்டை நீயே அவிழ்க்கவில்லை?"

"அவிழ்த்தா பேரை வெட்டுவேன்னாரு. அதோட, அவரு படிச்சவரு, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நம்பினேன்." அவள் வக்கீல் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கே அவிழ்த்திருந்தா, சொன்ன பேச்சைக் கேக்காம அவிழ்த்தாள்னு இன்னைக்கு நீங்களே கேப்பீங்க."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னபோது நீதிபதி நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். தம்பையா கூண்டில் ஏறி, கட்டை அறுத்தது தான்தான் என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டான். அவன் பார்வை தாழவில்லை. ஆசுபத்திரி டாக்டர் தன் குறிப்பை வாசித்தார். நாட்டு வைத்தியன் அவிழ்த்துக் கட்டியிருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம் அல்லவா என்று வக்கீல் கேட்டார். ஆகியிருக்கலாம், யார் கட்டியது என்று கையைப் பார்த்துச் சொல்ல முடியாது என்று டாக்டர் ஒப்புக்கொண்டார். வழக்கு முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் தொங்கியது.

டிஸ்பென்சர் சாமுவேல்பிள்ளை தன் புத்தகத்தைக் காட்டினார். செவ்வாய்க்கிழமை அவள் பெயர் இருந்தது. புதனும் வியாழனும் இல்லை. அவள் வந்து சொல்லியிருந்தால் கட்டாயம் கட்டைத் தளர்த்தியிருப்பேன் என்று சத்தியத்தின்மேல் சொன்னார். அப்படித் தளர்த்துவதுதான் முறை என்பதை அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டது போலாயிற்று. பிரக்கிராசி அதை மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டு, எழுதிக்கொள்ளும்படி நீதிபதியைக் கேட்டுக்கொண்டார்.

பிறகு நீதிமன்றத்தின் உத்தரவில் கொண்டுவரப்பட்ட செக்ரோல் புத்தகத்தோடு கணக்கப்பிள்ளை இராசையா கூண்டில் ஏறினார். தோட்டம் அவரைத் தங்கள் ஆள் என்றே நம்பியிருந்தது. அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

"அந்தப் புதன்கிழமை இராக்கம்மா பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது?"

அவர் பக்கத்தைப் புரட்டினார். "சீக்."

"வியாழக்கிழமை?"

"அதுவும் சீக்."

"டிஸ்பென்சரின் அன்றன்றைய சீட்டு இல்லாமல் சீக் போடுவீர்களா?"

இராசையா புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார். துரை பின் வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். போடுவேன் என்றால் பதினோரு வருடமாகத் துரையை ஏமாற்றியவர் ஆவார். போடமாட்டேன் என்றால் டிஸ்பென்சர் பொய் சொன்னவர் ஆவார். அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சாட்சி பதில் சொல்லட்டும்" என்றார் நீதிபதி.

"போடமாட்டேனுங்க" என்றார் இராசையா. "ஒரு நாளும் போட்டதில்ல."

தீர்ப்பு மூன்று வாரம் கழித்து வந்தது. அவள் புதனும் வியாழனும் டிஸ்பென்சரிக்குப் போனது உண்மை, அவள் முறையிட்டும் கட்டு தளர்த்தப்படவில்லை, டாக்டருக்கும் அறிவிக்கப்படவில்லை என்று நீதிபதி கண்டிருந்தார். டிஸ்பென்சரின் கவனக்குறைவுக்கு அவரும், அவரை வைத்திருந்த தோட்டமும் சேர்ந்து ஈடு கொடுக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். கேட்டதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. கொழும்புக்கு மேல்முறையீடு செய்வோம் என்று தோட்டம் சொன்னது, பிறகு என்ன காரணத்தாலோ செய்யவில்லை.

புவாத் தீர்ப்பை முழுவதும் தமிழில் சொல்லி முடித்தபோது இராக்கம்மா கேட்டது ஒன்றுதான்.

"நான் ரெண்டு நாளும் போனேன்னு அதுல இருக்கா?"

"இருக்கு. ரெண்டு எடத்தில இருக்கு."

"இன்னொரு தடவை அந்த எடத்தை மட்டும் சொல்லுங்க."

அவன் சொன்னான். அப்போதுதான் அவள் அழுதாள். பதினைந்து மாதத்தில் அவள் அழுது தம்பையா பார்த்தது அதுதான் முதல் தடவை.

நரிப்பாறையில் அதற்குமேல் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. துரையே வேலையிலிருந்து விடுவிக்கும் துண்டு கொடுத்து அனுப்பிவிட்டார். தெமோதரைப் பக்கத்தில் தம்பையாவின் ஊர்க்காரர் ஒருவர் கங்காணியாக இருந்த தோட்டத்துக்குப் போனார்கள். தாய்மார் மலைக்குப் போகும் நேரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஒற்றைக் கையால் ஏணையில் குழந்தையைக் கிடத்தவும், சங்கில் பால் புகட்டவும் பழகிக்கொண்டாள். சேலையைக் கட்டும்போது மட்டும் கடைசிவரை மகளின் உதவி வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் இல்லாத விரல்கள் வலிக்கின்றன என்பாள்.

சாமுவேல்பிள்ளை வேலையை விட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார் என்று கேள்வி. இராசையாவும் அந்த வருடமே விலக்கப்பட்டார். நான்கைந்து வருடம் கழித்துப் பசறைச் சந்தையில் இராக்கம்மா அவரைக் கண்டாள். ஒரு மரக்கறிக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவள் கும்பிட்டாள்.

"ஒன்னாலதான் என் வேலை போச்சு" என்றார் அவர்.

"தெரியும் சாமி. அது எனக்கு வருத்தந்தான்."

"ஒனக்காகச் சொல்லல நான். என் புத்தகத்துல பொய் இருக்குன்னு என் வாயால எப்படிச் சொல்றது?"

இராக்கம்மா மறுபடியும் கும்பிட்டாள். இரண்டு கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

வழக்கின் கதை அவளுக்கு முன்பே லயங்களில் போய்ச் சேர்ந்திருந்தது. தொலைவிலுள்ள பூனாகலையிலிருந்துகூட, தங்களுக்கு நேர்ந்ததற்கு வழக்குப் போடலாமா என்று கேட்டு ஆட்கள் தேடி வந்தார்கள். சில சமயம் அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். "டாக்டர் செய்ய வேண்டியதைச் செஞ்சிருக்காரு. ஒம் புருசன் செத்தது விதி. இதுக்கு வழக்கில்ல, வீணா அலையாத." அதனால் அவளைத் திட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு. வழக்கு இருக்கிறது என்று தோன்றினால் எந்தக் கிழமை, யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று கேட்டு, புவாத்திடம் அனுப்புவாள்.

அவளுக்கு அதிகமாகக் கிடைத்தது நோயாளிகளோடு டிஸ்பென்சரிக்கும் ஆசுபத்திரிக்கும் துணைக்குப் போகும் வேலை. 1920ஆம் ஆண்டு, அவள் வேலை செய்த தோட்டத்து நல்லம்மா தலைப்பிரசவத்தில் இரண்டு நாள் அவதிப்பட்டாள். இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்றார் அங்கிருந்த டிஸ்பென்சர். இராக்கம்மா அவர் முன்னால் போய் நின்றாள்.

"பாக்கலாங்க ஐயா. ஒரு நாள் பொறுக்கச் சொன்னேன்னு இந்தத் துண்டுல தேதி போட்டு எழுதிக் குடுங்க. நான் வச்சிருக்கேன்."

அவர் துண்டைப் பார்த்தார், அவளுடைய வெற்று முழங்கையைப் பார்த்தார். பிறகு பதுளைக்கு அனுப்பும் சீட்டை எழுதினார்.

ஆசுபத்திரியில் நல்லம்மாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்போது, உறவுக்காரர் மட்டும்தான் வரலாம் என்று தாதி இராக்கம்மாவை மறித்தாள். அவள் வாசலிலேயே நின்றாள்.

"நான் இங்கயே நிக்கிறேன். உள்ள என்ன செய்யப் போறீங்கன்னு மட்டும் அந்தப் புள்ளைக்குச் சொல்லிட்டுச் செய்ங்க. அவளுக்குத் தமிழ்தான் தெரியும்."

தாதி தமிழ் தெரிந்த ஒருத்தியைக் கூப்பிட்டு அனுப்பினாள். பிற்பகலில் நல்லம்மாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. இராக்கம்மா குழந்தையைப் பார்த்துவிட்டு, விளக்கு வைப்பதற்குள் தெமோதரை போய்ச் சேர வேண்டும் என்று நடையைக் கட்டினாள்.